‘நாளை’யை ஆங்கிலத்தில் சொல்வது: சேலம் வகுப்புகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரநாட்களில் மாலை நேரத்தில் அஸ்தம்பட்டியிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காட்டிலும் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்துகிறேன். சேலத்தில் வருபவர்கள் செவிலியர் படிப்பு முடித்தவர்கள், கடைகளில் கணக்கு எழுதுபவர்கள், பள்ளி ஆசிரியர்கள். ஏற்காட்டில் தங்கும் விடுதி ஊழியர்கள், கார் ஓட்டுநர்கள், காப்பித் தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள். இவர்களில் ஆசிரியர்களும், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். கண்ணால் படிப்பதைவிட வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு நன்றாகப் பிடிபடும்.

எதிர்காலம் என்றால் ‘வில்’ என்று ஒரே சொல்லாகச் சொல்லிக்கொடுத்தால் போதாதா? பிள்ளைகளை ஏன் குழப்ப வேண்டும்?

போதாது. ‘வில்’ மட்டும் தெரிந்தவர் பேசினாலும் எதிரில் இருப்பவருக்குப் புரியும். ஆனால் வேறு ஏதோ புரிந்துவிடும். ஏற்காட்டில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் வேலை செய்யும் என் மாணவியிடம், அறையில் வெந்நீர் வரவில்லை என்று வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் முறையிட்டார். ‘தி பிளம்பர் வில் கம்’ என்றாள் அவள். உண்மையில் பிளம்பரைக் கூப்பிட்டாயிற்று. அவர் அடிவாரத்தைத் தாண்டி மலையேறிக்கொண்டிருந்தார். ‘தி பிளம்பர் இஸ் கமிங்’ என்று சொல்லியிருந்தால் விருந்தினர் நிம்மதியாக அறைக்குத் திரும்பியிருப்பார். ‘வில் கம்’ என்றது அவர் காதில் வெறும் சமாதானமாக விழுந்தது. மேலாளரைக் கூப்பிடச் சொல்லிவிட்டார். செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டுத் திட்டும் வாங்கிக்கொண்டாள் அந்தப் பெண். அவளிடம் ஒரு சொல்லை மட்டும் கொடுத்து அனுப்பியவர்கள் நாம்தான்.

பல வடிவங்கள் இருப்பதால் குழப்பம் வருவதில்லை. ‘வருவார்’, ‘வருகிறார்’, ‘வரப்போகிறார்’, ‘வரலாம்’, ‘வந்துவிடுவார்’ என்று தமிழில் நாள் முழுவதும் நாம் வேறுபடுத்தித்தான் பேசுகிறோம். மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட இந்த வேறுபாடு காதில் பதிந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு, காலங்களின் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதித் தொடங்குவதால்தான் குழப்பம் வருகிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றிலும் நான் முதலில் தமிழ் வினையைத்தான் பார்க்கச் சொல்வேன்.

ஆங்கிலத்துக்கு எதிர்காலமே கிடையாது என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். இது என்ன கதை?

வினைச்சொல்லின் வடிவத்தை வைத்து அப்படிச் சொல்கிறார்கள். நம் ‘படிப்பேன்’ என்ற சொல்லுக்குள்ளேயே காலம் இருக்கிறது. ‘ப்’, ‘வ்’ ஆகியவற்றை எதிர்கால இடைநிலைகள் என்று நன்னூல் சொல்கிறது. ஆங்கில வினைக்கு ‘வாக்’, ‘வாக்ட்’ என்று இரண்டு காலங்களுக்குத்தான் வடிவம் உண்டு. நாளைக்கு என்று தனி விகுதி இல்லை. ஆகவே வெளியிலிருந்து துணைச்சொற்களைக் கடன் வாங்கிக்கொண்டது. ‘வில்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் விரும்புதல் என்று பொருள். ‘ஷல்’ என்பதற்குக் கடமைப்பட்டிருத்தல். ‘கோயிங் டு’ என்பது காலால் நடந்து போவதையே குறித்தது.

மாணவரிடம் இதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால், ‘இது எந்தக் காலம்?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ‘பேசுகிறவர் மனத்தில் என்ன இருக்கிறது? ஆசையா, முடிவா, ஏற்பாடா, ஊகமா?’ என்று கேட்கத் தொடங்குவார்.

அப்படியானால் முதல் நாள் எதைச் சொல்லிக்கொடுப்பது?

‘கோயிங் டு’. பாடப்புத்தகம் எந்த வரிசையில் வைத்திருந்தாலும் நான் இதிலிருந்துதான் தொடங்குகிறேன். தமிழில் ‘சாப்பிடப் போகிறேன்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் கோயிங் டு ஈட்’ என்கிறார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகளும் ‘போ’ என்ற ஒரே வினையை எடுத்து நாளைய நோக்கத்தைச் சொல்லப் பயன்படுத்துகின்றன. மாணவர் இதைக் கவனிக்கும் கணத்தில் முகம் மலர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் அந்நியமில்லை என்று அவருக்கு முதல் தடவையாகத் தோன்றும் இடம் அது.

‘போகப் போகிறேன்’ என்று நாம் சொல்வதுபோலவே ‘ஐ ஆம் கோயிங் டு கோ’ என்பதும் சரிதான். இரண்டு ‘போ’ வருகிறதே என்று வெட்ட வேண்டாம். வெட்ட வேண்டியது ‘ஐ கோயிங் டு’ என்று நடுவில் ‘ஆம்’ இல்லாமல் சொல்வதை. ‘போகிறேன்’ என்பதில் ‘ஏன்’ ஒட்டியிருப்பதால் தனியாக ஒரு சொல் தேவையில்லை என்று நம் நாக்கு நினைத்துக்கொள்கிறது. முதல் வாரத்திலேயே திருத்திவிடுங்கள், பிறகு கடினம்.

‘நாளை ஊருக்குப் போகிறேன்’ என்பதிலும் ‘போகிறேன்’ இருக்கிறதே? அதற்கும் ‘கோயிங் டு’தானா?

இல்லை. முந்தைய பதிலில் சொன்ன ‘போகிறேன்’ துணைவினை. அதற்கு முன்னால் ‘சாப்பிட’, ‘படிக்க’ என்று இன்னொரு வினை நிற்கும். ‘நாளை ஆத்தூர் போகிறேன்’ என்பதில் அதுவே முதல் வினை. ‘ஐ ஆம் கோயிங் டு ஆத்தூர் டுமாரோ’ என்பதில் வரும் ‘டு’, ஊரைக் காட்டும் ‘டு’. நம் ‘கு’ வேற்றுமை. கேட்க ஒன்றுபோல இருப்பதால் வரும் குழப்பம் இது. வினையை மாற்றிப் பாருங்கள்: ‘நாளை டாக்டரைப் பார்க்கிறேன்’, ‘ஐ ஆம் சீயிங் தி டாக்டர் டுமாரோ’.

ஏற்பாடு முடிந்துவிட்ட நாளைய செயலைத் தமிழில் நிகழ்காலத்தில் சொல்வோம். ஆங்கிலமும் அதையே செய்கிறது. ‘வெள்ளிக்கிழமை அக்காவுக்கு நிச்சயதார்த்தம் நடக்கிறது’ என்றால் மண்டபம் பேசியாயிற்று, உறவினருக்குச் சொல்லியாயிற்று. ‘நடக்கப்போகிறது’ என்றால் அந்த அளவுக்கு உறுதி இல்லை. வேறு ஒருவருக்கும் தெரியுமா, நாட்குறிப்பில் எழுதியிருக்கிறதா, முன்பணம் கொடுத்தாயிற்றா என்று மாணவரைக் கேட்கச் சொல்லுங்கள். ஆம் என்றால் ‘ஐ ஆம் மீட்டிங்’, ‘வீ ஆர் லீவிங்’ என்ற வடிவம் இயல்பாக வரும்.

‘வில்’லுக்கும் ‘கோயிங் டு’வுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு வரியில் சொல்லுங்கள்.

பேசும் அந்த நொடியில் எடுத்த முடிவுக்கு ‘வில்’. பேசுவதற்கு முன்பே எடுத்த முடிவுக்கு ‘கோயிங் டு’. கேட்டபடி ஒரு வரியில் சொல்லிவிட்டேன். ஆனால் இது முடிவுகளுக்கு மட்டும் பொருந்தும். வானிலை போன்ற ஊகங்களுக்கு வேறு கணக்கு.

சேலத்தில் வீட்டு மாடியில் நின்று வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். மலைமேல் கருமேகம் இறங்கிவிட்டால் ‘மழை வரப்போகிறது, துணியை எடு’ என்போம். கண் முன்னால் சாட்சி இருக்கிறது. அதற்கு ‘இட் இஸ் கோயிங் டு ரெயின்’. மேகமே இல்லாத ஏப்ரல் மதியத்தில், ‘இந்த வருடம் நல்ல மழை வரும்’ என்று பெரியவர் ஒருவர் சொன்னால், அது அவருடைய எண்ணம். அதற்கு ‘இட் வில் ரெயின் வெல் திஸ் இயர்’. சாட்சியைக் கண்டு சொல்வது ஒன்று, மனத்தில் பட்டதைச் சொல்வது இன்னொன்று. நடுவில் இரண்டும் செல்லும் இடங்கள் நிறைய உண்டு. அங்கே மாணவர் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

‘நான் எடுத்துத் தருகிறேன்’, ‘அப்புறம் கூப்பிடுகிறேன்’ என்பதெல்லாம் நிகழ்காலம்தானே? பிறகு ஏன் ‘ஐ ஆம் கிவிங்’, ‘ஐ ஆம் காலிங் யூ லேட்டர்’ என்றால் தவறு என்கிறீர்கள்?

தமிழ்க் காது நம்மை ஏமாற்றும் இடம் இது ஒன்று. உதவ முன்வரும்போதும் வாக்குக் கொடுக்கும்போதும் தமிழ் நிகழ்காலத்தைப் பயன்படுத்துகிறது. பாட்டி கனமான பையைத் தூக்கும்போது ‘விடுங்கள் பாட்டி, நான் தூக்கிக்கொண்டு வருகிறேன்’ என்போம். ‘தூக்குவேன்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் இந்த இரண்டு வேலைகளும் ‘வில்’லுக்கே உரியவை: ‘ஐல் கேரி இட்’, ‘ஐல் கால் யூ லேட்டர்’. முன்பு சொன்ன பழைய பொருளை நினைத்துப் பாருங்கள். விருப்பம்தானே அங்கே பேசுகிறது?

ஆகவே ‘-கிறேன்’ கேட்டதும் மாணவர் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இது ஏற்கெனவே இருக்கும் ஏற்பாடா, இப்போது கொடுக்கும் வாக்கா? ஏற்பாடு என்றால் ‘ஐ ஆம் காலிங்’. வாக்கு என்றால் ‘ஐல் கால்’. ‘ஐ வில்’ என்று இழுக்காமல் ‘ஐல்’ என்று சுருக்கிச் சொல்லப் பழக்குங்கள். முழுதாக அழுத்திச் சொன்னால் சில இடங்களில் பிடிவாதம்போலக் கேட்கும்.

என் மாணவர்கள் ‘மை ஃபாதர் வில் கெட் அப் அட் ஃபைவ் எவ்ரி டே’ என்கிறார்கள். எத்தனை தடவை திருத்தினாலும் மாறவில்லை. ஏன்?

இந்தக் கேள்வியை நான் கேட்காத மாதம் இல்லை. நம் மாவட்டத்தில் மட்டுமல்ல, தமிழ் பேசும் எந்த ஊரிலும் ஆங்கிலத்தில் அதிகம் நிகழும் தவறுகளில் ஒன்று இது. மாணவரின் கவனக்குறைவு காரணமல்ல. ‘அப்பா தினமும் ஐந்து மணிக்கு எழுந்திருப்பார், டீ குடிப்பார், பட்டறைக்குப் போவார்’ என்று தமிழில் வழக்கத்தைச் சொல்லும்போது நாம் பயன்படுத்துவது எதிர்கால வடிவம். மாணவர் அதை உண்மையாக மொழிபெயர்க்கிறார். வடிவம் பொருந்துகிறது, பொருள் பொருந்தவில்லை.

இதற்கு வெகு பழைய வேர் உண்டு. மூன்று காலத்துக்கும் பொதுவாக நிற்கும் உண்மையைச் ‘செய்யும்’ என்ற வாய்பாட்டால் சொல்ல வேண்டும் என்கிறது தொல்காப்பியம். ‘மலை நிற்கும்’, ‘யாறு ஒழுகும்’ என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுத் தருகிறார்கள். மலை நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும். இன்று நாம் எதிர்காலம் என்று பெயரிட்டு அழைக்கும் இந்த வடிவம், என்றும் நடப்பதைச் சொல்லும் வேலையை அன்றிலிருந்து செய்துவருகிறது. என் மாணவர்களிடம் இதைச் சொன்னபோது அவர்களுடைய வெட்கம் போய்விட்டது. தவறைத் திருத்துவதற்கு முன் வெட்கத்தைப் போக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

தவறின் விலையையும் காட்ட வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் நேர்முகத் தேர்வில், ‘மை ஃபாதர் வில் மேக் சில்வர் ஆங்க்லெட்ஸ்’ என்றான். எதிரில் இருந்தவர், ‘ஓ, எப்போது தொடங்கப்போகிறார்?’ என்று கேட்டாராம். முப்பது வருடத் தொழில் அந்த ஒரு சொல்லில் இன்னும் தொடங்காத தொழிலாகிவிட்டது. ‘மை ஃபாதர் மேக்ஸ் சில்வர் ஆங்க்லெட்ஸ்’ என்று சொல்லியிருக்க வேண்டும். வகுப்பில் நான் கொடுக்கும் சோதனை எளிது: தமிழ் வாக்கியத்தில் ‘வழக்கமாக’ என்ற சொல்லை நுழைத்துப் பாருங்கள். பொருந்தினால் ‘வில்’ வேண்டாம். ‘அப்பா வழக்கமாகக் கொலுசு செய்வார்’ பொருந்துகிறது. ‘அப்பா நாளை வழக்கமாக வருவார்’ பொருந்தவில்லை.

இன்னொரு கிளையும் உண்டு. ‘சின்ன வயதில் பாட்டி எங்களுக்குக் கதை சொல்வார்’ என்று முடிந்துபோன வழக்கத்தையும் அதே வடிவத்தில் சொல்கிறோம். அதை ‘மை கிராண்ட்மதர் வில் டெல் அஸ் ஸ்டோரீஸ்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கே ‘யூஸ்ட் டு டெல்’ அல்லது ‘வுட் டெல்’ வர வேண்டும்.

பஸ் நேரம், ரயில் நேரத்துக்கு மட்டும் சாதாரண நிகழ்காலம் வருகிறதே?

ஆம். ‘தி பஸ் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ’. அட்டவணை போட்டு வைத்ததை யாரும் தனியாக முடிவு செய்வதில்லை என்பதால் அப்படி. பஸ், ரயில், சினிமாக் காட்சி, தேர்வு, பள்ளி திறக்கும் நாள் ஆகியவற்றுக்கு இது போதும். சேலம் ஜங்ஷனின் அறிவிப்புப் பலகையில் எழுதக்கூடியதா என்று கேட்டுப் பாருங்கள். எழுதலாம் என்றால் இந்த வடிவம்.

‘வென் ஐ வில் ரீச் சேலம், ஐ வில் கால் யூ’ என்பதில் என்ன தவறு? இரண்டு செயலும் நாளைதானே நடக்கும்?

இரண்டும் நாளைதான். ஆனால் ஆங்கிலம் நாளையை ஒரு இடத்தில் சொன்னால் போதும் என்று நினைக்கிறது. முதன்மை வாக்கியத்தில் ‘வில்’ வந்துவிட்டால், ‘வென்’, ‘இஃப்’, ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’, ‘அன்டில்’ ஆகியவற்றோடு வரும் துணை வாக்கியத்தில் அது வேண்டாம்: ‘வென் ஐ ரீச் சேலம், ஐல் கால் யூ’. நாமும் அப்படித்தான் செய்கிறோம். ‘சேலம் வந்ததும் கூப்பிடுகிறேன்’ என்பதில் ‘வந்ததும்’ இறந்தகாலம் காட்டும் சொல், வருவதோ நாளை. ‘மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டால் மதகைத் திறப்பார்கள்’ என்பதில் ‘தொட்டால்’ என்பதும் அப்படியே. ‘இஃப் தி லெவல் ரீச்சஸ் 120 ஃபீட், தே வில் ஓபன் தி கேட்ஸ்’.

நம்மைத் தடுமாற வைப்பது ‘வரும்போது’ என்ற சொல். அதில் ‘வரும்’ இருப்பதால் ‘வென் ஐ வில் கம்’ என்று நாக்கு ஓடிவிடுகிறது.

ஆனால் ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’ சரி என்கிறார்களே? ‘வென்’னுக்குப் பின்னால் ‘வில்’ வரக்கூடாது என்று இப்போதுதானே சொன்னீர்கள்?

நுட்பமான கேள்வி, இலக்கண நூலைப் புரட்டுவதைவிடத் தமிழில் எளிதாக விடை கிடைக்கிறது. ‘அவர் வரும்போது சொல்கிறேன்’, ‘அவர் எப்போது வருவார் என்று தெரியவில்லை’ என்ற இரண்டையும் பாருங்கள். ஆங்கிலத்துக்கு இரண்டும் ‘வென்’. தமிழுக்கு ஒன்று ‘-போது’, மற்றொன்று ‘எப்போது’. ‘-போது’ என்றால் ‘வில்’ வராது. ‘எப்போது’ என்றால் வரலாம்.

‘இஃப்’ என்ற சொல்லுக்கும் இதே சாவி. ‘வந்தால்’ என்று ‘-ஆல்’ வந்தால் ‘இஃப் ஹி கம்ஸ்’. ‘வருவாரா என்று தெரியவில்லை’ என்று கேள்வி ‘ஆ’ வந்தால் ‘ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்’. ஆங்கிலம் ஒரே சொல்லில் மறைத்து வைத்திருக்கும் இரண்டு பொருளையும் தமிழ் தனித்தனியாகக் காட்டிக்கொடுக்கிறது. தமிழ் தெரிந்தவருக்கு ஆங்கிலம் கற்பதில் இருக்கும் உண்மையான வசதி இது. வகுப்பில் தமிழே பேசக்கூடாது என்பவர்களோடு நான் ஒத்துப்போகாததற்கு இந்த ஒரு இடமே போதுமான காரணம்.

நாங்கள் படித்த காலத்தில் ‘ஐ ஷல்’, ‘வீ ஷல்’ என்று எழுதாவிட்டால் மதிப்பெண் குறைப்பார்கள். இப்போது ‘ஷல்’ என்ன ஆயிற்று?

அந்த விதியை ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயர் 1653-ல் லத்தீனில் எழுதிய இலக்கண நூலில் காணலாம்: தன்மைக்கு ‘ஷல்’, மற்றவற்றுக்கு ‘வில்’. மூன்று நூற்றாண்டுகள் பள்ளிகளில் அது ஆட்சி செய்தது. மக்கள் பேச்சு அதற்கு முழுதாகக் கட்டுப்படவில்லை. இன்று ‘ஐ வில்’ என்று எழுதினால் அது தவறே இல்லை.

‘ஷல்’ உயிரோடு இருக்கும் இடத்தைத் தமிழில் ஒரே சொல்லால் காட்டலாம்: ‘-ட்டுமா’. ‘நான் வரட்டுமா?’ என்றால் ‘ஷல் ஐ கம்?’ ‘சன்னலைத் திறக்கட்டுமா?’ என்றால் ‘ஷல் ஐ ஓபன் தி விண்டோ?’ இங்கே ‘வில் ஐ’ என்று கேட்டால் ஜோசியம் கேட்பதுபோல ஆகிவிடும். விடுதி ஊழியர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு நாளைக்கு ஐம்பது முறை தேவைப்படும் வடிவம் இது.

‘வோன்ட்’, ‘வான்ட்’ இரண்டையும் என் மகள் ஒரே மாதிரி சொல்கிறாள். பரவாயில்லையா?

விட்டுவிடாதீர்கள். ‘ஐ வான்ட் டு ஈட்’ என்றால் சாப்பிட வேண்டும். ‘ஐ வோன்ட் ஈட்’ என்றால் சாப்பிட மாட்டேன். மருத்துவமனையில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இந்தக் குழப்பம் கூடவே கூடாது. ‘கோட்டை’யில் வரும் ‘ஓ’வைப்போல உதட்டைக் குவித்து ‘வோ’ என்று நீட்டச் சொல்லுங்கள். ‘வான்ட்’டுக்குப் பின்னால் ‘டு’ வரும், ‘வோன்ட்’டுக்குப் பின்னால் வராது என்பதையும் சேர்த்துப் பழக்குங்கள்.

‘மாட்டேன்’ என்பதில் மறுப்பும் பிடிவாதமும் சேர்ந்திருப்பதுபோலவே ‘வோன்ட்’டிலும் இருக்கிறது. மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டால் ‘ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது’ என்று உயிரில்லாத வண்டிக்கும் பிடிவாதத்தை ஏற்றிச் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் ‘தி கார் வோன்ட் ஸ்டார்ட்’ என்கிறார்கள். வராததற்குக் காரணம் வேறு ஏற்பாடு என்றால் ‘நாளை வரவில்லை’ என்று மென்மையாகச் சொல்வோம்; அதற்கு ‘ஐ ஆம் நாட் கமிங் டுமாரோ’. விடுப்புக் கேட்கும்போது ‘ஐ வோன்ட் கம்’ என்று சொல்லிவிட்டு, மேலதிகாரி ஏன் கோபித்தார் என்று கேட்பவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள்.

‘போய்விட்டு வருகிறேன்’ என்பதற்கு ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று சொல்லலாமா? ‘இதோ வந்துவிட்டேன்’ என்பதற்கு?

‘போகிறேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பக்கூடாது என்பது நம் வீட்டுப் பண்பாடு. அந்த வாக்கியத்தை மாணவர் சொல்லும்போது நான் சிரிக்க விடுவதில்லை. ஆனால் வெளியூர்க்காரருக்கு அது புரியாது. விடைபெறும்போது ‘சீ யூ லேட்டர்’. கடைக்குப் போய்விட்டு உடனே திரும்புவதானால் ‘ஐல் பி பேக் சூன்’.

‘இதோ வந்துவிட்டேன்’ இன்னும் சுவையானது. அறையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை, அதற்குள் ‘வந்துவிட்டேன்’ என்கிறோம். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் காலம் மாறி வரலாம் என்று நன்னூல் இடம் கொடுத்திருக்கிறது, இது விரைவு. ஆங்கிலத்தில் விரைவுக்கு இறந்தகாலம் வராது. ‘ஐ ஹாவ் கம்’ என்றால் வந்து நின்றாக வேண்டும். ‘கமிங்!’ என்ற ஒரு சொல் போதும்.

‘வரலாம்’ என்பதற்கு ‘மே’ என்று எழுதிப்போடுகிறேன். சில இடத்தில் பொருந்தவில்லை.

‘-லாம்’ மூன்று வேலை செய்கிறது. ‘நாளை மழை வரலாம்’ என்பது ஐயம்: ‘இட் மே ரெயின்’, ‘இட் மைட் ரெயின்’. ‘நீங்கள் உள்ளே வரலாம்’ என்பது அனுமதி: ‘யூ கேன் கம் இன்’ அல்லது ‘யூ மே கம் இன்’. ‘வாருங்கள், படகுத்துறைக்குப் போகலாம்’ என்பது அழைப்பு: ‘லெட்ஸ் கோ டு தி போட் ஹவுஸ்’. எது என்று தமிழில் பிரித்த பிறகே ஆங்கிலத்துக்குப் போக வேண்டும்.

‘முடியும்’ என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘நாளை வர முடியும்’ என்பதற்கு ‘ஐ வில் கேன் கம்’ என்று இரண்டு துணைவினையை அடுக்குகிறார்கள். ‘ஐல் பி ஏபிள் டு கம்’, அல்லது வெறும் ‘ஐ கேன் கம் டுமாரோ’.

‘வில் பி டூயிங்’, ‘வில் ஹாவ் டன்’ எல்லாம் தேர்வுக்கு மட்டும்தானே? பேச்சில் யார் பயன்படுத்துகிறார்கள்?

நீங்களே தமிழில் தினமும் பயன்படுத்துகிறீர்கள். ‘எட்டு மணிக்குக் கூப்பிடாதே, சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்’ என்பது ‘ஐல் பி ஈட்டிங்’. ‘பன்னிரண்டு மணிக்குள் இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டியிருப்போம்’ என்பது ‘பை ட்வெல்வ், வீ வில் ஹாவ் க்ராஸ்ட் ஆல் ட்வென்டி பெண்ட்ஸ்’. ‘-கொண்டிருப்பேன்’ வந்தால் முதலாவது, ‘-இருப்பேன்’ மட்டும் வந்தால் இரண்டாவது. இந்த ஒற்றுமையைக் காட்டினால் அரை மணி நேரத்தில் பாடம் முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ‘எழுந்திருப்பார்’ போன்ற சொல்லில் ‘இரு’ வினையின் பகுதியாகவே இருக்கிறது. அது இந்தக் கணக்கில் சேராது. ‘அண்ணன் இப்போது வீட்டுக்குப் போயிருப்பார்’ என்பது நாளையைப் பற்றியது அல்ல, இப்போதைய ஊகம். அதற்கும் ‘ஹி வில் ஹாவ் ரீச்ட் ஹோம் பை நவ்’ சரியாகவே பொருந்தும்.

‘வில்’லைவிட ‘வுட்’ மரியாதையானது என்று ‘ஐ வுட் பி கமிங் டுமாரோ’ என்று எழுதுகிறார்கள். சரியா?

மரியாதை இருப்பது கேட்கும்போதுதான்: ‘வுட் யூ லைக் சம் டீ?’, ‘வுட் யூ ப்ளீஸ் வெயிட்?’ உங்கள் வருகையைத் தெரிவிக்கும்போது ‘வுட்’ போட்டால், படிப்பவர் அதன் பின்னால் ஒரு ‘ஆனால்’ வரும் என்று காத்திருப்பார். ‘வந்திருப்பேன், ஆனால்…’ என்று தமிழில் யாராவது நிறுத்தினால் நாம் காத்திருப்பதுபோல. ‘ஐ வில் பி கமிங்’ அல்லது ‘ஐ ஆம் கமிங்’ என்று எழுதுவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

செய்தித்தாள் தலைப்புகளில் ‘மேட்டூர் டாம் டு பி ஓபன்ட் ஆன் ஜூன் 12’ என்று வருகிறது. ‘வில்’ எங்கே போயிற்று?

முழு வாக்கியம் ‘மேட்டூர் டாம் இஸ் டு பி ஓபன்ட்’. தலைப்பில் ‘இஸ்’ உதிர்ந்துவிடும். அதிகாரபூர்வமாக முடிவான நிகழ்ச்சிக்கு இந்த வடிவம். குறுவைக்காக ஜூன் 12-ல் அணையைத் திறப்பது மரபு. தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் தள்ளிப்போனதும் உண்டு. படித்தால் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

தேர்வில் ‘சரியான விடை ஒன்றுதான்’ என்கிறார்கள். நீங்கள் சொல்வதைக் கேட்டால் இரண்டு மூன்று விடை சரியாக இருக்கிறதே?

இருக்கிறது. கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியில் பேசுகிறவர் யார், ஏற்பாடு முடிந்ததா என்பதெல்லாம் தெரியாது. அப்போது ‘டுமாரோ’வுக்கு ‘வில்’, ‘ஆறு மணி பஸ்’ஸுக்கு நிகழ்காலம், ‘லுக் அட் தோஸ் கிளவுட்ஸ்’ என்றால் ‘கோயிங் டு’, ‘பை நெக்ஸ்ட் இயர்’ என்றால் ‘வில் ஹாவ்’ என்று தேர்வு எதிர்பார்க்கும் குறிப்புகளைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் பிள்ளைக்குத் தேவை. அதில் பிடிவாதம் காட்டக் கூடாது. ஆனால் பேச்சில் சரியாகச் சொன்ன பிள்ளையின் வாக்கியத்தை, விடைத்தாளில் இல்லை என்பதற்காகச் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். அப்படி அடிபட்டு, பத்து வருடம் ஆங்கிலத்தில் வாயே திறக்காமல் இருந்த பெரியவர்கள் என் வகுப்புக்கு வருகிறார்கள்.

இவ்வளவையும் ஒரு வகுப்பில் எப்படி நடத்துவது? ஒரு பயிற்சி சொல்லுங்கள்.

மாணவர் வாழும் வருடத்தையே பாடமாக்குங்கள். ஏற்காட்டில் நான் காப்பித் தோட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்து ஏறக்குறைய பத்து நாளில் செடி முழுவதும் வெள்ளையாகப் பூக்கும்; பழம் பறிப்பது குளிர்காலத்தில். முதலில் தமிழில் பேசச் சொல்வேன். ‘மழை வந்தால் பூக்கும்’, ‘வழக்கமாக நவம்பரில் பறிப்பு தொடங்கும்’, ‘இந்த வருடம் மிளகுக் கொடியும் வைக்கப் போகிறோம்’, ‘திங்கட்கிழமை வியாபாரி வருகிறார்’, ‘பொங்கலுக்குள் பறித்து முடித்திருப்போம்’, ‘விலை ஏறலாம்’. இந்த ஆறு வாக்கியத்திலும் இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி வந்துவிடுகிறது. பிறகு ஒவ்வொன்றாக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகச் சொல்வேன். சேலத்தில் இதே பயிற்சியை மாம்பழப் பருவத்தை வைத்தும், ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகையை வைத்தும் நடத்துகிறேன்.

சென்ற பருவத்தில் ஒரு சிறுமி இரண்டாவது வாக்கியத்துக்கு ‘தி பிக்கிங் வில் ஸ்டார்ட் இன் நவம்பர் எவ்ரி இயர்’ என்று தொடங்கினாள். நான் வாயைத் திறக்கும் முன்பே பக்கத்தில் இருந்த அவளுடைய அம்மா, தோட்டத்தில் பழம் பறிப்பவர், ‘வழக்கமாக என்று போட்டுப் பாரு, கண்ணு’ என்றார். மகள் ஒரு நொடி நின்றாள். பிறகு ‘ஸ்டார்ட்ஸ்’ என்றாள்.